ஹில்க்காவை ஏமாற்ற முடியாது

டிராக்டரிலிருந்து இறங்கும்போதே ஹில்க்கா சண்டைக்குத் தயாராக இருந்தாள்.

எல்லாம் கொழுந்தன் கலெர்வோவால் வந்தது. போன வருடம் அவன் பேச்சைக் கேட்டு வாங்கிய விறகு மெஷின், கொஞ்சம் கோணலான மரத்தைப் போட்டாலே தொண்டை அடைத்துக்கொண்டு நின்றது. அது நின்ற நாட்களில் ஏரிக்கரைக் குடில்காரர்கள் சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு எங்கே என்று போன் மேல் போன் அடித்தார்கள். பிறகு போன் அடிப்பதையும் விட்டுவிட்டு வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கினார்கள். இந்த வசந்தத்தில் உருப்படியான மெஷின் அமையாவிட்டால் கடையைக் கட்டவேண்டியதுதான்.

"அண்ணி, தனியாப் போகாதீங்க. விக்கிறவன் எதையாவது உங்க தலையில கட்டிடுவான். கூட ஒரு ஆம்பள இருந்தா நல்லது," என்று புறப்படும்போது கலெர்வோ சொன்னான்.

"போன தடவை ஒரு ஆம்பள கூட வந்தானே, அந்த லட்சணத்தைத்தான் பாத்துட்டேனே!"

பண்ணை முற்றம் ஒன்றில் விறகு மெஷின்களை ஓட்டிக் காட்டி விற்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. பனி உருகிச் சேறாகக் கிடந்த பாதையில் வந்தவள், மெஷின் சத்தம் கேட்ட முற்றத்துக்குள் வண்டியைத் திருப்பினாள்.

விற்கிறவர்கள் தூண் மாதிரி நேரான பிர்ச் மரத்தைப் போட்டுத்தான் காட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் தன் காட்டில் கோணலும் கணுவுமாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு டிரெய்லர் நிறைய ஏற்றி வந்திருந்தாள்.

ஒரு டிராக்டரின் பின்னால் மாட்டி ஓடிக்கொண்டிருந்த மெஷின் அருகே, காதுமறைக்கும் தொப்பி போட்ட வாட்டசாட்டமான ஒருவர் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"இதைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் ஹில்க்கா.

"விறகு பிளக்கும்."

"அது எனக்கும் தெரியுது. என்ன குறை?"

அவர் சற்று யோசித்தார். "சத்தம்."

"பொம்பளதானே, ஏமாத்திடலாம்னு நினைக்காதீங்க."

"நினைக்கல."

"பெயின்ட் எல்லாம் உரிஞ்சு கிடக்கு?"

"ஓடுதுல்ல."

இது புதுவகைத் தந்திரம் என்று ஹில்க்கா முடிவு செய்தாள். பேசிப் பேசி ஏமாற்றுகிறவர்களை அவளுக்குத் தெரியும். இவர் பேசாமல் ஏமாற்றுகிற ரகம். அவள் டிரெய்லரிலிருந்து இருப்பதிலேயே மோசமான மரத்தை உருட்டி மெஷின் மேல் ஏற்றினாள். அவர் மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு மெஷினை ஓட்டினார்.

பாதி தூரம் போய் மரம் சிக்கியது.

"பாத்தீங்களா! நின்னுடுச்சு!"

"கோணல்."

"என் காட்டு மரம் அப்படித்தான். உங்க மெஷினுக்காக அதை நேரா வளரச் சொல்லவா?"

அவர் கடப்பாரையால் நெம்பி மரத்தை விடுவித்தார். பிளக்கும் கத்தி சரியான உயரத்தில் இல்லாததுதான் கோளாறு என்று ஹில்க்கா நெம்புகோலைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அடுத்த துண்டு கத்தி மேல் ஏறிக் குறுக்கே மாட்டிக்கொண்டது. அப்படியானால் அழுத்தம் போதவில்லை என்று அதற்கான திருகைத் தேடிப் பிடித்து முறுக்கினாள்.

"அது வேண்டாம்..." என்றார் அவர்.

"வேண்டாம்னு சொல்ற இடத்துலதான் வண்டவாளம் இருக்கும்!"

எண்ணெய்க் குழாய் வெடித்தது. அவர் தொப்பியிலிருந்து மீசை வரை எண்ணெய் வழிந்தது.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தார். "எண்ணெய்."

கொட்டகைக்குள் போனவர் வேறொரு குழாயும் ஒரே ஒரு ஸ்பேனரும் கொண்டுவந்தார். பழையதைக் கழற்றினார், புதியதை மாட்டினார், அழுத்தத்தைக் குறைத்தார், கத்தியை உயர்த்தினார். ஹில்க்கா இன்னொரு குறை கண்டுபிடிப்பதற்குள் மெஷின் மறுபடியும் ஓடியது. டிரெய்லரில் இருந்த கோணல் மரம் அத்தனையும் ஒவ்வொன்றாகப் பிளந்து குவிந்தது.

ஹில்க்கா ஒரு விறகை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன வருடம் இதே மாதிரி குழாய் வெடித்தபோது கடைக்காரன் ஆள் அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று இழுத்தடித்ததில்தான் பாதி வாடிக்கை போயிற்று. சிக்காத மெஷின் உலகத்தில் கிடையாது. சிக்கினால் தன் கையாலேயே சரிசெய்துவிட முடிகிற இந்த மாதிரி மெஷின்தான் அவளுக்கு வேண்டும்.

"என்ன விலை?"

"எதுக்கு?"

"மெஷினுக்கு!"

அவர் மெஷினை அன்றுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். "யோசிக்கல."

"நாலாயிரம் யூரோ."

அவர் மீசையில் மிச்சமிருந்த எண்ணெயைத் துடைத்தார்.

"சரி, நாலரை."

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"ஐயாயிரம்! அதுக்கு மேல ஒரு சென்ட் தரமாட்டேன். இந்தப் பம்மாத்தெல்லாம் ஹில்க்காகிட்ட நடக்காது!"

"ம்ம்," என்றார் அவர்.

அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். உடனே கலெர்வோவுக்கு போன் போட்டாள்.

"வாங்கிட்டேன். நானே பாத்தேன், நானே பிரிச்சு மேஞ்சேன், நானே பேரம் பேசினேன். துணைக்கு ஆம்பள வேணுமாம், ஆம்பள!"

"விக்கிறவன் எப்படி அண்ணி?"

"பலே கில்லாடி. கடைசி வரைக்கும் வாயே திறக்கலையே! ஆனா நான் விட்டேனா?"

நாளை பணத்தோடு வந்து டிரெய்லரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அங்கேயே கழற்றிப் போட்டாள். அவருடைய டிராக்டரிலிருந்து மெஷினைப் பிரித்துத் தன் டிராக்டரில் மாட்டினாள். இரண்டையும் இணைக்கும் ஆணி சரியாக இறங்கவில்லை. அதற்கும் அவரே வந்து ஒரு தட்டுத் தட்டினார். ஹில்க்கா தலை நிமிர்ந்து வண்டியைக் கிளப்பிப் பாதையில் ஏறினாள்.

வீட்டுக் கதவு திறந்தது. கையில் காப்பிப் பாத்திரத்தோடு ஒரு அம்மாள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்சியோ! மெஷின் விக்கிறவங்க பக்கத்துப் பண்ணையில இல்ல இருக்காங்க! இந்தம்மா யாரு? நம்ம மெஷினை எங்க கொண்டு போறா?"

என்சியோ அன்றைக்கு முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"அதைத்தான் நானும் அவங்க வந்ததுலேருந்து கேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."