‘சொந்தமா’ சார்

கொரட்டூரில் எந்தக் கல்யாணத்துக்கும் அழைக்கக் கூடாத ஒரே ஆள் எங்கள் அப்பார்ட்மென்ட் மாடிவீட்டு சார்தான். அழைக்காவிட்டாலும் வந்துவிடுவார்.

அவர் புரொபசர். ஒரு நோய் ஒரு குடும்பத்தில் யார் யாருக்கு இறங்கும் என்று கணக்குப் போடுகிற மரபியல் புள்ளியியல் அவர் பாடம். அதை வகுப்போடு விட்டிருக்கலாம். மேடையேறிச் சொல்வார். பரிசை நீட்டிக்கொண்டே மாப்பிள்ளையிடம், "பொண்ணு சொந்தமா, அசலா?" என்பார். அசல் என்றால் சிரித்தபடி பந்திக்குப் போய்விடுவார். சொந்தம் என்றால் தீர்ந்தது. "ரெண்டு பேரும் ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களா?" என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் வரிசை மண்டபத்து வாசல்வரை நீளும். வீடியோக்காரர் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வெளியே போய் டீ குடித்துவிட்டே வந்தார்.

தண்ணீர் கேன் போடும் டில்லியின் தம்பி, மாமா பெண்ணைக் கட்டினான். சார் மேடையேறிக் கேட்டதும் டில்லி அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

"இன்னா சார், நல்ல நாளும் அதுவுமா நோயி நொடின்னு பேசிகினு கீற. துன்னுட்டு ஊட்டுக்குப் போ."

பந்தியில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு ஏன் சார் இந்த வம்பு?"

இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் கட்டினது அக்கா பொண்ணை. ஒரு பையன் இருந்தான். மாசாமாசம் ரத்தம் ஏத்துவோம். ஒன்பது வயசுல போயிட்டான். அப்புறம்தான் இந்தப் பாடத்துக்கே வந்தேன். எங்க கல்யாணத்துக்கும் ஊரே வந்துச்சு. நல்லா இருங்கன்னு சொல்லி சாப்பிட்டுப் போனாங்க. ஒருத்தராவது கேட்டிருக்கலாம்."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

மறுநாள் டில்லியிடம் சொன்னேன். காலி கேனைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த வாரமே தம்பியையும் தம்பி மனைவியையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனான். இருவர் ரத்தத்திலும் கோளாறு ஒளிந்திருந்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பிறக்கும் பிள்ளைக்கு வரலாம்.

"நீ சொன்னது கரீட்டு சார்" என்றான் டில்லி. சாரின் முகம் செத்துப்போயிற்று. தான் சொன்னது பலித்ததற்கு இப்படி இடிந்துபோனவரை நான் பார்த்ததில்லை. சில நாள் அவர் வேலைக்கே போகவில்லை.

அந்தப் பெண் உண்டானதும் கருவைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு சார்தான் கூட்டிப் போனார். நானும் போனேன்.

வராந்தாவில் டில்லி கேட்டான்: "எவ்ளோ சான்ஸ் கீது சார்?"

இத்தனை வருஷம் அதையே சொல்லிக்கொடுத்தவர், "இப்ப கணக்கு வேணாம் டில்லி" என்றார். கையிலிருந்த டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று பிறகு முடிவு வந்தது. தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். அப்புறம் டில்லியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பிரசவத்துக்கு முந்தின மாதம் சார் தூக்கத்திலேயே போய்விட்டார்.

குழந்தையைப் பார்க்கப் போனேன். டில்லி அதைத் துணியோடு தூக்கி என்னிடம் நீட்டினான். "சார் இருந்தா அவராண்டதான் மொத குடுத்துருப்போம். நீ புடி அண்ணாத்தே."

சாருக்காக வாங்கிக்கொண்டேன்.