மாற்றுச் சாவி

ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள் பார்ப்போம். அழைப்பு மணி அடித்தால் குளியலறைக்குள் ஓடும். போன் ஒலித்தால் அதைக் கவிழ்த்து வைக்கும். ஞாயிறு பூசையில் செருப்புகளோடு வெளியே நிற்கும். அது என்ன?

நான்தான். கடலூர் யாகப்பன். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். இது ஒரு குற்றமா?

குற்றம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள் என் மனைவி அந்தோணிமேரி. அடுத்த மாதம் மகள் ஜெனிபருக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். அன்று அம்மாவோ அப்பாவோ மைக் முன் நின்று பைபிள் வாசகம் வாசிக்க வேண்டும். யார் என்று பிள்ளைதான் சொல்ல வேண்டுமாம். அம்மா இருக்கிறாளே என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

என் கூச்சத்தைத் தெளியவைக்கவென்று அவள் அந்த ஞாயிறே கோயில் வாசலில் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி ஜெனிபரிடம் கொடுத்தாள். பூசை முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் ஓட எனக்குச் சாவி வேண்டும். எனவே கடைசி வரிசையில், மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுவாரம் சாவி நடு வரிசைக்குப் போனது. மூன்றாம் வாரம், பூசை வைக்கும் பங்குச்சாமி தும்மினால் என்மேல் தெறிக்கும் தூரம். அநியாயமா இல்லையா?

விடுவேனா? மாற்றுச் சாவி செய்யத் தீர்மானித்தேன். கடலூரில் செய்தால் சேதி வீட்டுக்கு வந்துவிடும். ஸ்கூட்டரில் வெளியூர் போனால் கிலோமீட்டர் காட்டிக்கொடுக்கும். சனிக்கிழமை, சிப்காட்டில் கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். மூன்று பேரிடம் வழி கேட்டுச் சாவிக்கடையைப் பிடித்தேன். கடைக்காரர் உத்திராபதி அரைமணி நேரம் தன் மூட்டுவலியைச் சொன்னார். பதிலுக்கு நான் முதுகுவலியைச் சொன்னேன்.

வீட்டில் அந்தோணிமேரி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சாவி நல்லா திரும்புதா?"

"எந்தச் சாவி?"

"சிதம்பரத்துச் சாவி. கடைக்காரரு போன் பண்ணாரு. சரியில்லன்னா வேற வெட்டித் தர்றாராம். உங்க வூட்டுக்காரரு எம்மாம் நல்லா பேசுறாருன்னாரு."

அப்போதுதான் உறைத்தது. கடையில் போன் நம்பர் கேட்டார்கள். யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், நான் எங்கேயும் எழுதிக்கொடுப்பது அவள் நம்பரைத்தான்.

"முன்னபின்ன தெரியாதவர்கிட்ட அரைமணி பேசியிருக்கீங்க. மைக்கு மட்டும் கடிக்குமா?"

"அது வேற, இது வேற. வாசகம் நீதான் படிக்கணும்."

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? புள்ளையக் கேளுங்க."

கேட்டேன். ஜெனிபர் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பா வாசிக்கட்டும் என்றாள்.