டிஷ் அன்டெனாவுக்குச் சணல் சுற்றியவன்

"இந்த வேலை எனக்குத் தெரியாது" என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என் வாழ்க்கையில் பாதி அவமானம் நடந்தே இருக்காது. (மிச்சப் பாதி தெரிந்த வேலையில் நடந்தது.)

எனக்குத் தெரிந்த ஒரே வேலை தண்ணீர்க் குழாய் பூட்டுவது. கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவையில் பிறந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. கண்டியில் வீடு வீடாகக் குழாய் பூட்டித் திரிந்தேன். குழாயின் திருகுப் புரியில் சணலைச் சுற்றி, வெள்ளைப் பெயின்ட் தடவி முறுக்கினேன் என்றால் ஒரு சொட்டு ஒழுகாது. அந்தத் திமிர்தான் இந்தக் கதை.

வாரக்கடைசி வந்தால் புசல்லாவைக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பாக்கியம் அத்தை இருந்தார், தூரத்துச் சொந்தம். அவருடைய இளைய மகள் விஜயாவைக் கட்டிக்கொள்ள ஆசை. (ஆசை எனக்கு மட்டும்தான் என்பதை விஜயா ஒவ்வொரு வாரமும் ஞாபகப்படுத்துவாள்.)

அத்தையின் மூத்த மகள் சரசு. கல்யாணமான கையோடு புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போனவள். இப்போது கூடலூர்ப் பக்கம். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இரண்டு போட்டோ அனுப்பியிருந்தாள். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோ மாதிரி இருக்கா" என்பார்.

ஒரு நாள் சரசுவிடமிருந்து கடிதம் வந்தது. டிவியில் பெண்கள் பேசுகிற நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போனார்களாம். இவள் கையிலும் மைக்கைக் கொடுத்தார்களாம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் போடுவார்களாம். மூன்றாவது வரிசை, ஊதாச் சேலை. என்ன பேசினாள் என்று மட்டும் எழுதவில்லை. "நீயே பாத்துக்கம்மா" என்று முடித்திருந்தாள்.

அதற்காகவே அந்த வீட்டுக்கு டிஷ் வந்தது. கம்பளையில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் நாநா, வந்து தகரக் கூரையில் பூட்டினார். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள், சனிக்கிழமை, நான் போனபோது தூறல். டிஷ்ஷின் முன்னால் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்; கேபிள் அதில்தான் போய்ப் பூட்டும். அந்த இடத்தைப் பார்த்தேன். திருகு, புரி. எனக்குக் கை அரித்தது.

"அத்தை, இத இப்பிடியே விட்டா மழத்தண்ணி உள்ள போயிரும்."

"நாநா டேப்பு சுத்திட்டுத்தானே போனாரு?"

"டேப்பு ரெண்டு மழைக்குத் தாங்காது."

விஜயா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்குக் கொழாய்தானே தெரியும்?"

"கேபிளும் கொழாய்தான். அதுல தண்ணி ஓடுது, இதுல படம் ஓடுது. கனெக்டர்ல எத்தன சாதி இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? பழைய அன்டெனாவுக்குக் குத்துற பின்னு. தோட்டத்து ஆபீசு ரேடியோவுக்குத் தடித் திருகு. கேமராவுக்கு அரச் சுத்துல பூட்டுறது. டிஷ்ஷுக்கு இந்தச் சின்னத் திருகு."

(இதெல்லாம் நாநாவின் கடை மேசையில் பார்த்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். பஸ் புசல்லாவை வருவதற்குள் எல்லாம் மறந்துவிட்டது.)

கூரை ஏறினேன். நாநாவின் டேப்பைப் பிய்த்தேன். கனெக்டரைக் கழற்றி, சணலைத் தாராளமாகச் சுற்றி, பெயின்டை அப்பி, முறுக்கினேன். அன்று முழுக்கக் கரண்ட் இல்லை. போட்டுப் பார்க்க வழியில்லை. அத்தை மனம் குளிர்ந்து எனக்கு இரண்டு ரொட்டி கூடுதலாக வைத்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே அத்தை குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, டிவிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். லயத்துப் பெண்கள் பாதிப் பேர் உள்ளே. விஜயா டிவியைப் போட்டாள். நீலத் திரை. 'சிக்னல் இல்லை' என்று எழுத்து.

"சேட்டலைட்ல கோளாறு" என்றேன். யாரும் நம்பவில்லை.

சந்தியில் இருந்த கொமினிகேஷன் கடைக்கு ஓடி நாநாவுக்கு போன் போட்டேன்.

"நாநா, படம் வரல."

"எதையும் தொட்டீங்களா?"

"லேசா சணல் சுத்தினேன்."

"பெயின்டும் பூசினீங்களா?"

"கொஞ்சம்."

"அட வாப்பா, அது தண்ணிப் பைப்பா? நடுக்கம்பியால கரண்டு மேல போகுது, வெளிப்பின்னலால திரும்பி வருது. கனெக்டர் இரும்பும் அந்த மூக்கு இரும்பும் ஒன்னோட ஒன்னு முட்டணும். நீங்க நடுவுல மெத்த போட்டு வெச்சிருக்கீங்க. கழட்டித் தொடச்சுப் பூட்டுங்க."

திரும்பி வந்து கூரை ஏறும்போது பத்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். பெயின்ட் இறுகிக் கல்லாகியிருந்தது. குறட்டால் ஒரு திருகு. கனெக்டர் இரண்டாகப் பிளந்து கையில் வந்தது. வேறு கனெக்டர் கிடையாது. கம்பளை போய் வருவதற்குள் நிகழ்ச்சி முடிந்து மத்தியானச் செய்தியே வந்துவிடும்.

கேபிளைப் பல்லால் உரித்தேன். நடுக்கம்பியை மூக்கின் ஓட்டைக்குள் விட்டேன். வெளிப்பின்னலை விரித்து, மூக்கின் புரியோடு சேர்த்து இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தேன்.

"வந்திருச்சி" என்று உள்ளே ஒரு சத்தம்.

விரலை லேசாகத் தளர்த்தினேன்.

"போயிருச்சி."

அதற்குப் பிறகு நான் மனிதன் இல்லை, கனெக்டர். நாநாவின் கடையிலேயே இல்லாத சாதி. விஜயா வெளியே வந்து கத்தினாள்: "தலையத் தூக்காதீங்க, தட்ட மறைக்குது." டிஷ்ஷுக்குக் கீழே தவளை மாதிரி குந்தினேன். தூறல் முதுகில் விழுந்தது. விரல் லேசாக ஊறியது. பத்து, இருபது, முப்பது நிமிஷம். டிவியின் சத்தம் தகரத்தின் வழியாக மேலே வந்தது.

"அந்த ஊதாப் பொடவ அம்மா, நீங்க சொல்லுங்க" என்றது டிவி.

கீழே அத்தையின் குரல், மெதுவாக: "ஏம் புள்ள. மெலிஞ்சுட்டா."

டிவியில் அந்தக் குரல் வந்தது. நடுங்கிக்கொண்டு வந்தது. "எங்க அம்மா..."

என் காலடியில் தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை. இருபது வருஷமாக ஒரு வீடே ஏங்கிய முகம் அதற்குக் கீழே இருக்கிறது. எனக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது. குனிந்தேன். விரல் நழுவியது.

பதறிப் பிடித்து மறுபடி ஒட்டியபோது மைக் வேறொரு பெண்ணிடம் போயிருந்தது. அவள் தன் மாமியாரைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் கீழே இறங்கினேன். திட்டுவார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அத்தை நீலத் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்தப் புள்ள என்னா சொன்னிச்சி?"

சரசுவுக்கு எழுதிக் கேட்டோம். மைக்கைக் கண்டதும் உதறல் எடுத்தது, என்ன பேசினேன் என்று நினைவே இல்லை என்று பதில் வந்தது. சில வருஷம் கழித்து போனில் பேசும் வசதி வந்தபோது, "இப்ப எதாச்சும் சொல்றேம்மா" என்றாள்.

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப சொல்றது எனக்காகச் சொல்றது. அது ஊருக்கு முன்னாடி சொன்னது. கம்பிய விட்டவன் அவந்தானே, அவனே சொல்லட்டும்."

விஜயா பாவம் பார்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். அத்தை இப்போது எங்களோடு மஹய்யாவையில். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, "சரி, எங்க அம்மா..." என்று ஆரம்பித்துக் கொடுப்பார். நான் முடிக்க வேண்டும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும்.

"எங்க அம்மா வைக்கிற நெத்திலிக் கொழம்பு மாதிரி வராதுங்க."

"அவ நெத்திலி திங்க மாட்டா. வேற."

"எங்க அம்மா கொழுந்து பறிச்சே எங்கள ஆளாக்குனாங்க."

"அது எல்லாரும் சொல்றது. வேற."

இப்படி எத்தனையோ ஞாயிறு. போன வாரம் எனக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "எங்க அம்மா இப்ப டிவி முன்னாடி என்னயவே பாத்துக்கிட்டு இருக்கும். அதுக்குத்தான் நான் நல்ல சேல கட்டிட்டு வந்தேன்."

பிள்ளைகள் சிரிக்கவில்லை. விஜயா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தை வெகுநேரம் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இது சரியா இருக்கு" என்றார் கடைசியில். பிறகு கையை ஊன்றி எழுந்தார். "அப்ப அடுத்த வாரத்துக்கு வேற ஒன்னு யோசி."