தங்கையைத் தாங்கும் அண்ணன்

தாங்கும் அண்ணன்கள் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீடோ, ஆஸ்பத்திரியோ, பாங்க் வரிசையோ, எங்கே நின்றாலும் நாலு பேர் காதில் விழும்படி, "தங்கச்சிக்கு நடக்க முடியாது, நான்தான் வச்சுப் பாத்துக்கறேன்" என்று பெருமூச்சு விடுவார்கள். கேட்டவர் உச்சுக்கொட்டும் வரை பேச்சு நகராது.

நம் அண்ணன் குழாய்ச் சாமான் கடைக்காரர். தங்கைக்கு நாற்பது வயது. சிறுவயதுக் காய்ச்சலில் கால்கள் போய், சக்கர நாற்காலியில் இருப்பவள். பெற்றோர் போனபின் அண்ணன் வீட்டுக் கடைசி அறை அவளுடையது. சும்மாவா இருக்கிறாள்? கடைக்கு வரும் போன் எல்லாம் அவள் மடியில்தான் அடிக்கும். எந்த பிளம்பருக்கு எந்தக் குழாய், எந்த வண்டி எந்தத் தெருவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, எல்லாம் அவள் பாடு. சம்பளமா? "அவளுக்கும் பொழுது போகணும்ல!" என்பார் அண்ணன்.

அரசாங்க உதவித்தொகை அண்ணன் கணக்கில் விழுந்து அங்கேயே சுகமாகப் படுத்துக்கொள்ளும். அண்ணி உடுத்திச் சலித்த துணிகள் தங்கைக்கு வரும். சோப்பு தீர்ந்தால் அண்ணியிடம் சொல்ல வேண்டும், அண்ணி அண்ணனிடம் சொல்ல வேண்டும், அண்ணன் "இப்பத்தானே வாங்கினேன்?" என்று திகைக்க வேண்டும். பிறகு வரும், அண்ணனுக்குப் பிடித்த வாசனையில்.

ஒருநாள், கடையில் வழக்கமாகக் குழாய் வாங்கும் கட்டட கான்ட்ராக்டர் அம்மாள் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "போன்ல பேசுற மேனேஜர் மேடம் இருக்காங்களா?"

அண்ணன் சிரித்தார். "மேனேஜரா? அது என் தங்கச்சிங்க. பாவம்."

வந்தவர் பாவத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கையைப் பார்த்து, "எங்க ஆபீஸுக்கு வர்றீங்களா? படி ஏற வேண்டியதில்ல, கீழ்த்தளம்தான். சம்பளம் உங்க கணக்குலயே போட்டுடறேன்" என்றார்.

"அவ எங்கங்க..." என்று தொடங்கினார் அண்ணன். தங்கைக்கான பதில்கள் அவர் வாயில்தான் ஊறும்.

"வர்றேங்க" என்றாள் தங்கை. சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்தக் கூரையை விட்டால் படுக்க வேறு இடம் கிடையாது.

கான்ட்ராக்டர் தெரு தாண்டும் வரைதான் அண்ணன் பொறுத்தார். "தங்கச்சிக்குச் சோறு போட வக்கில்லன்னு ஊரு என்னைக் காறித் துப்பாது? உனக்கு என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கலண்ணா. ஒரு சோப்புக்கு வீடே கூடிப் பேசுதே, எனக்குக் கூச்சமா இருக்கு."

"போனா இந்த வாசப்படி மிதிக்காதே!"

"நான் என்னைக்குண்ணா வாசப்படி மிதிச்சேன்?" என்றாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வேலைக்குப் போன முதல் நாள் மாலை ஆட்டோ திரும்பியபோது அண்ணன் தெருமுனையிலேயே நின்றார். விரட்டத்தான் நிற்கிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ ஓடி வந்து நாற்காலியை இறக்கியபடி, "சாப்டியா? அது இருக்கட்டும், முக்கா இஞ்ச் வால்வு கேட்டது யாரும்மா?" என்றார். அன்று கடை வண்டி சரக்கோடு ஊரைச் சுற்றிவிட்டுச் சரக்கோடே திரும்பியிருந்தது.

போனுக்கு ஆள் போட்டார். வந்தவர் சம்பளம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை லீவும் கேட்டார். "காலம் கெட்டுப்போச்சு" என்று அண்ணன் கண்டவரிடமெல்லாம் புலம்பினார். கூடவே, "தங்கச்சிய வீட்டுல முடக்கி வைக்கக் கூடாதுன்னு நான்தான் வேலைக்கு அனுப்பினேன்" என்றும் சொல்லிக்கொண்டார். தங்கை மறுக்கவில்லை. வீட்டுச் செலவுக்கு அண்ணி கையில் தன் பங்கைக் கொடுக்கிறாள். உதவித்தொகை இன்னும் அண்ணன் கணக்கில்தான் தூங்குகிறது. அந்தச் சண்டையை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் இல்லப்பா" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நல்லது. உள் அறையில் இருப்பவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதிலை மட்டும் நீங்களே சொல்லிவிடாதீர்கள்.