ஒரே பெட்டியில் அனுப்பவும்

அன்புள்ள மைத்துனருக்கு, உன் அத்தான் எழுதுவது. இங்கு நான் நலம். உன் அக்காவும் நலமென்றே காகிதத்தில் எழுதிக் காட்டுகிறாள். அங்கு நீங்களும் அவ்வாறே இருப்பீர்களாக. இதைக் கையால் எழுதக் காரணம், வீட்டுக் கணினி போய்விட்டது. காரணகர்த்தா நீ.

தொண்டை அறுவைக்குப் பின் அவளுக்குக் குரல் திரும்பாது என்று மருத்துவர் கைவிரித்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. தட்டச்சு செய்ததைப் பேசிக் காட்டும் மென்பொருளை எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருக்கிறாய். அக்கம்பக்கம் முழுக்க உன் பெருமையைச் சொன்னவனே நான்தான். ஆனால் அதை நிறுவப் போனேனே, அங்கே பிடித்தது சனி. முதலில் ஒலிக்கு ஒரு துணை நிரல் கொண்டு வா என்றது. கொண்டுவந்தேன். அந்தத் துணைக்கு இன்னொரு துணை வேண்டுமாம். அதுவும் வந்து உட்கார்ந்ததும், "வேறொரு நிரலின் மூன்றாம் பதிப்பு எனக்கு வேண்டும், இங்கே இருப்பது இரண்டாம் பதிப்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. பழசுதானே இடைஞ்சல் என்று அந்த இரண்டாம் பதிப்பை அப்புறப்படுத்தினேன். கணினியே அதை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறது என்று எனக்கு எவன் சொன்னான்? திரை கறுத்துப்போச்சு. உன் அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள், பேனாவை மூடிக் காகிதத்தோடு எடுத்து வைத்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடேன் என்று போனில் கேட்டதற்கு என்ன சொன்னாய்? "அத்தான், ஒண்ணாக் கட்டினா மூட்டை பெருத்துடும். உள்ள இருக்கிறது பழசாப் போனா யாரு மாத்துறது? தனித்தனியா எடுத்துக்கிறதுதான் முறை."

முறையாம், முறை! முப்பத்தோரு வருஷம் தண்ணீர் மோட்டார் கம்பெனியில் பார்சல் கட்டினவன் நான். பெட்டி என்றால் மோட்டார், போல்ட், நட்டு, வாஷர், முறுக்குகிற ஸ்பேனர் எல்லாம் உள்ளே இருக்கணும். வாஷர்தானே, கடையில் கிடைக்கும் என்று விட்டால், தண்ணீர் வராமல் நிற்கிறவன் மோட்டாரையா திட்டுவான்? கட்டினவனைத்தான் திட்டுவான். பெட்டி கனத்தால் தூக்கிக்கொள்வான். பழசாகும் என்றால் மேலே தேதி போடு, புதுசு வந்தால் புதுப்பெட்டி அனுப்பு. உனக்கு வேலை கூடும்தான். அந்த வேலையை இப்போது ஆயிரம் பேர் தலையில் கட்டியிருக்கிறாய், அதில் ஒருத்தி உன் கூடப்பிறந்தவள்.

அவள் எழுதுவதையெல்லாம் நான்தான் படித்துச் சொல்கிறேன். மருந்துக் கடையில் அவள் கோபத்தை என் குரலில் சொன்னால் ஒருத்தரும் பயப்படுவதில்லை. என்னைத் திட்டி எழுதினாலும், "சத்தமாப் படிங்க" என்று கீழே கோடு போடுகிறாள், படிக்கிறேன். அவள் பேச்சு அவளுக்கு வேணும், தம்பி. எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒரே பெட்டி, ஒரே அழுத்து, அவள் பேசணும்.

நீயும் உன் வீட்டாரும் குறைவின்றி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, தபாலில் சேர்க்க என்னிடம் கொடுத்தார், அக்கா எழுதுகிறேன். அவர் போட்ட சத்தத்துக்குப் பயந்து நீ என் போனுக்கு அனுப்பிய ஒரே கட்டு அன்றைக்கே ஏறிவிட்டது, ஒரு தொல்லையும் இல்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உன் அத்தானை ஒரு பாட்டம் தட்டச்சில் திட்டிப் பார்த்தேன், போனின் குரல் தெளிவாக இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக நான் பேசினதில் பாதியைக்கூட அவர் காதில் வாங்கினதில்லை. இப்போது ஒரு வார்த்தை விடாமல் வாய்விட்டுப் படிக்கிறார். பெட்டி தயாராக இன்னும் ஆறு மாதமாகும் என்று பதில் போட்டுவிடு.