பிளீச்சிங் பவுடர் படாத சாக்கடை

சாக்கடையை முகர்ந்து பார்த்தே அந்தத் தெருவில் யாருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடும் மனிதர் மட்டாஞ்சேரியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் குப்பி அண்ணன். பாதி நாள் தப்பாகத்தான் சொல்வார். ஆனால் அவர் சொல்லும் தோரணையைப் பார்த்தால், நன்றாக இருப்பவர்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

கார்ப்பரேஷனில் அவர் தினக்கூலிச் சாக்கடைத் தொழிலாளி. அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். நாலு வீடு தள்ளி என் வீடு; என்னை ‘மோளே’, மகளே என்றுதான் கூப்பிடுவார். நான் காக்கநாட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் சாக்கடையில் கிடைக்கும் என்று எங்கள் மேடம் சாக்கடைத் தண்ணீர் கேட்டார்கள். நான் அண்ணனிடம் சொன்னேன். மறுநாளே இடுப்பைச் சுற்றி ஆறு குப்பிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கென்று இருந்த பெயர் அன்றோடு ஒழிந்தது.

ஒருமுறை கலூரில் பஸ் ஏறினோம். குப்பிகளில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். அண்ணன் மறைக்காமல் சொன்னார். அன்று காக்கநாடு வரை எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சீட் முழுசாகக் கிடைத்தது.

மேடம் அவருக்கு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார்கள். தட்டு முழுக்கப் பாக்டீரியா பாய் விரித்த மாதிரி வளர்ந்திருந்தது. நடுநடுவே தெளிவான ஓட்டைகள். வைரஸ் புகுந்து கொன்ற இடங்கள் அவை. மீன் சந்தைக்குப் பின்னாலுள்ள சாக்கடைத் தண்ணீர் செய்த வேலை என்றதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சாக்கடை அன்றுமுதல் அவருக்குச் செல்லப்பிள்ளை ஆயிற்று.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. மழைக்காலத்தில் வாராவாரம் எல்லாச் சாக்கடையிலும் பிளீச்சிங் பவுடர் போடவேண்டும்; அது பட்டால் பாக்டீரியா, வைரஸ் எல்லாமே சாகும். அண்ணன் எல்லாவற்றிலும் போட்டார், அந்த ஒன்றைத் தவிர. மூன்று வாரம் கழித்து சூப்பர்வைசர் கண்டுபிடித்து ஏன் என்று கேட்டார்.

"அதில நம்ம ஆளுங்க இருக்காங்க சாரே."

விளக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். அந்த மாதம்தான் அண்ணனைப் பெர்மனன்ட் ஆக்கும் ஃபைல் மேஜைக்கு வந்திருந்தது. பத்தொன்பது வருடம் காத்திருந்த ஃபைல். காய்ச்சல் என்று எழுதுவோம் அண்ணே என்று கெஞ்சினேன். அண்ணன் கேட்கவில்லை; மேடம் வைரஸ் நல்லது என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு காக்கநாட்டுக்கு வந்துவிட்டார்.

மேடத்துக்குப் பொய் சொல்ல வராது. எல்லா வைரஸும் கொல்வதில்லை என்றார்கள். சில வைரஸ்கள் பாக்டீரியாவுக்குள் நுழைந்து அங்கேயே குடியிருந்துவிடும், கூடவே விஷம் தயாரிக்கும் வித்தையையும் கொடுத்துவிடும். நேற்றுவரை சாதுவாக இருந்த கிருமி அப்புறம் ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும். காலராவின் விஷமே அப்படி வந்ததுதான் என்றார்கள்.

அண்ணன் தட்டைக் காட்டிக் கேட்டார், "அப்போ மூணு வாரமா நான் காவல் காத்தது எவன?"

இரண்டு பேரையும்தான் என்றார்கள் மேடம்.

மறுநாள் காலை அண்ணன் அந்தச் சாக்கடையில் கடைசியாக ஒரு குப்பி மொண்டுகொண்டு, தன் கையாலேயே பவுடர் போட்டார். எழவு வீட்டில் நிற்பவர் மாதிரி நின்றார். விளக்கத்தை அவர் சொல்லச் சொல்ல நான் மலையாளத்தில் எழுதினேன். தப்பு என்னுடையது, நல்லவன் என்று நினைத்துக் கெட்டவனையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டேன், இவ்வளவுதான் அதில் இருந்தது. அந்தக் கெட்டவன் யார், எந்த ஊர் என்று கேட்டு ஆபீஸிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பெர்மனன்ட் வேலை பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போய்விட்டது. எனக்கு அழுகையாக வந்தது.

அந்தக் கடைசிக் குப்பியில் அருமையான வைரஸ் ஒன்று கிடைத்தது. அதனிடமிருந்து தப்பிக்க, வைரஸ் பற்றிக்கொள்ளும் தன் மேலுறையையே பாக்டீரியா உதறிவிட்டது. அந்த உறை இல்லாமல் நம் குடலில் பாக்டீரியாவால் நிற்க முடியாது. உயிர் பிழைத்தது, ஆனால் முன்போல ஆளைப் படுக்க வைக்கும் திராணி அதற்கில்லை. அண்ணன் துள்ளிக் குதிப்பார் என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சட்டையக் கழட்டிப் போட்டாவது இருந்துரலாம்னு நெனச்சிருக்கு, பாவம்," என்றார்.

வைரஸைப் பத்திரப்படுத்தும் குழாயில், சேகரித்தவர் பெயர் எழுதவேண்டும். உங்கள் சொந்தப் பெயர் என்ன அண்ணே என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"குப்பின்னே போடு மோளே. பெர்மனன்ட் லிஸ்டுலதான் அந்தப் பேரு வேணும். இனி எதுக்கு?"

அவர் சொன்னபடி நான் எழுதவில்லை. அவர் மனைவியிடம் கேட்டு, இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதி ஃப்ரீசரில் வைத்தேன். மற்ற குழாய்களை யார் வேண்டுமானாலும் இடம் மாற்றிக்கொள்ளட்டும், நான் இருக்கும்வரை அண்ணனை மட்டும் அங்கிருந்து யாரும் எடுக்க விடமாட்டேன்.