சனிக்கிழமைக்குள் நிற்க வேண்டும்

"நில்லு! நில்லுங்கிறேன்ல!" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பிரேக்கை மிதித்துக் கத்தினார் வில்ஃப்ரெட்.

கார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உறுமிக்கொண்டே சரிவில் இறங்கி, எதிர்வீட்டு மிஸஸ் ஆட்டவேயின் குப்பைத்தொட்டியை உருட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஏழு வருஷமாகக் கராஜில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, அவரே உருவாக்கிய பச்சைக் கார் அது. கூரை கிடையாது. உள்ளே காலை நுழைப்பதே ஒரு வித்தை. சனிக்கிழமை மகள் பிலிப்பாவுக்குக் கல்யாணம். அவளை இந்தக் காரில்தான் சர்ச்சுக்கு அழைத்துப் போவேன் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தார் மனுஷன்.

"அப்பா, இது சர்ச் வாசல்ல நிக்குமா, இல்ல நேரா பாதிரியார் மடியில போய் உட்காருமா?"

"நிக்கும்மா. குளிர்காலம் பூரா மூடி வச்சிருந்தேன்ல, பின்பிரேக் துருப்பிடிச்சிருக்கும். பழைய டிரம் பிரேக்கைக் கடாசிட்டு டிஸ்க் பிரேக் போட்டா, தொட்டதும் நிக்கும் பாரு!"

"நிக்கலேன்னா டாக்ஸி" என்றாள் மனைவி டோரீன். "வேலை செய்யறப்ப பூட்ஸ் போட்டுக்கோ. மறுபடியும் ஜாக்கியைக் கால்ல போட்டுக்கிட்டு நொண்டாதே."

இரும்பு முனை வைத்த அந்த அகலமான பூட்ஸ் டோரீனின் கிறிஸ்துமஸ் பரிசு. அது இல்லாமல் காரைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். வில்ஃப்ரெட் சட்டத்தை மீறாதவர்.

டிஸ்க் வந்தது. மாட்டினார். சக்கரம் அதன்மேல் உட்காரவில்லை. பெரிய சக்கரம் வாங்கினார். அது மட்கார்டில் உரசியது. மட்கார்டை வெட்டினார். தெருச்சேறு முழுக்க டோரீன் காயப்போட்ட துணிகளில் போய் அப்பியது.

"கல்யாணத்துக்கு நான் இதையா போட்டுக்கணும்?"

"பிரேக்கைப் பாரு டோரீன், பிரேக்கை! எப்படி மின்னுது!"

மின்னிய பிரேக்கோடு மறுபடி சரிவில் இறங்கினார். ஓங்கி மிதித்தார். கார் இன்னும் பலமாக உறுமி, தொட்டியைத் தாண்டி, மிஸஸ் ஆட்டவே தோட்டத்துக் குள்ளப் பொம்மையின் தலையைக் கொய்தது.

"பத்தலை. இன்னும் பெரிய பிரேக் வேணும்" என்றார் வில்ஃப்ரெட். அவர் பிடித்தால் குரங்குப்பிடிதான்.

வெள்ளிக்கிழமை அதையும் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் காலில் இறக்கி மிதித்தார். கார் மிஸஸ் ஆட்டவேயின் வேலிச்செடிக்குள் பாதி புகுந்து நின்றது.

டோரீன் போனை எடுத்து டாக்ஸிக்காரன் நம்பரைத் தேடினாள். வில்ஃப்ரெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஒரு நாளுக்காகத்தானே ஏழு வருஷம்!

"சாவியைக் கொடு!"

மிஸஸ் ஆட்டவே. ஒரு கையில் பொம்மையின் தலை, காலில் பஞ்சுபோன்ற வீட்டுச் செருப்பு. டார்பி நகரத்தில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"வேண்டாம் மிஸஸ் ஆட்டவே, ஆபத்து. வண்டி நிக்காது."

"இனிமே உடைக்க என் வீட்டுல என்னடா பாக்கி இருக்கு? தள்ளு!"

உள்ளே ஏறினார். காரைச் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோய்த் திருப்பி, சர்ரென்று இறங்கினார். டோரீன் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், குப்பைத்தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் கார் சாதுவாக நின்றிருந்தது.

வில்ஃப்ரெட் தடதடவென்று ஓடினார். "எப்படி மிஸஸ் ஆட்டவே? என்ன பண்ணீங்க?"

அந்த அம்மாள் அவர் கால்களையே உற்றுப் பார்த்தார். பிறகு டோரீன் பக்கம் திரும்பினார்.

"போனைக் கீழே வை. நாளைக்கு உன் புருஷனை நீ வாங்கிக்கொடுத்த அந்தப் பூட்ஸைக் கழட்டிட்டு வெறுங்காலோட ஓட்டச் சொல்லு. இத்தனை நாளும் பிரேக்கோட சேர்த்து ஆக்ஸிலேட்டரையும்ல மிதிச்சிருக்கான்!"